பாதையிலிருந்து நான்காவது குழி

செய்தி வந்தபோது நான் ஜெராம் மீன் சந்தையில் வவ்வால் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் காசியம்மா அக்காவின் மகன் தினேஷ். “ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க” என்றான். “எங்கடா போனாங்க? முட்டி வலியோட மறுபடியும் ரயில் ஏறிட்டாங்களா?” என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் அவன் அழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் தேநீர் கலக்கி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அது ஆறுவதற்குள் முடிந்துவிட்டாராம். யா அல்லாஹ், இப்படியும் ஒரு சாவு உண்டா என்று நின்றேன். மீனை வெட்டட்டுமா, வேண்டாமா என்று மீன்காரர் இரண்டு முறை கேட்டார். நான் மீனை விட்டுவிட்டு, மகனைக் கூப்பிட்டு அவன் ஓட்டிய காடியில் ஏறிச் செரண்டாவுக்குப் புறப்பட்டேன்.

வழி முழுக்க அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். “போறேன்லா, போறேன்லா” என்பார். போகமாட்டார். செத்தவர்களைத் தேடி ஊர் ஊராகப் போவதற்கு மட்டும் அவருக்கு உடம்பில் தெம்பு இருந்தது.

திருமதி காசியம்மா அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூரின் உட்பகுதியில் பத்தாங்கட்டைத் தோட்டம் என்று நம் மக்கள் சொல்லும் ஓர் இடத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். கல்யாணமாகிச் செரண்டாவுக்கு வந்து, கணவர் சீக்கிரமே தவறிவிட, ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். கையுறை செய்யும் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. நான் அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அறுபத்தெட்டு வயதில் இறந்திருக்கிறார்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் அவசரத்தில் நான் ஒரு சீட்டில் பெட்டிகளின் எண்ணிக்கையை உத்தேசமாக எழுதி ஒட்டிவிட்டேன். லோரியில் ஏற்றியதையெல்லாம் இறக்க வைத்துவிட்டார். எல்லார் முன்னிலையிலும், “தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதாதே. தெரியலன்னா தெரியலன்னு எழுது. அதுல என்னா வெக்கம்?” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மூன்று நாள் அவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, தன் பொட்டலத்தைப் பிரித்து, பாதிச் சம்பாலை என் தட்டில் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருடைய வழக்கம் அது.

அன்றைக்குத்தான் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். நான் பெருமையடித்துக்கொண்டேன். நாங்கள் இந்தியாவில் கடலோரத்து ஊர்க்காரர்கள். என் பாட்டனார் எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார், எந்தக் கப்பலடியில் இறங்கி எந்தக் கடையில் தட்டு கழுவினார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் வாய்ப்பாடு மாதிரி. இப்போதும் கல்யாணம் காட்சிக்குப் போய்வருகிறோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “ஒங்களுக்கு எந்த ஊருக்கா?” என்று கேட்டேன்.

“பத்தாங்கட்டை.”

“அது இங்க. அங்க எந்த ஊரு?”

“அங்கன்னா?” என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “எங்கப்பாவோட தாத்தா பேரு வீராசாமி. அவருதான் மொதல்ல வந்தவரு. தோட்டத்துல பொதைச்சிருக்கு. வேற ஒண்ணும் தெரியாது.”

அந்த வீராசாமியின் குழிக்குத் தீபாவளிக்கு முதல் நாள் அவர்கள் குடும்பம் படையல் வைக்கும். இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். அக்காவின் அப்பா சாகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது வீடோ நகையோ பற்றி இல்லை. “தாத்தாவ பட்டினி போட்றாதே” என்றாராம். அந்த ஒரு வார்த்தையை அக்கா கடைசிவரை தலையில் சுமந்தார்.

ஒரு வருடம் காடி இல்லாமல் தவித்தார் என்று நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். செங்கல் ஓரம் கட்டிய பதின்மூன்று மண்மேடுகள் ஒரே வரிசையில். செம்மண் சாலையிலிருந்து நான்காவது மேட்டில் மட்டும் சிமெண்டுக் கல்லில் ‘வீராசாமி’ என்று அக்காவின் அப்பா கையால் கீறிய எழுத்து. அக்கா இலை போட்டார். சோறு, கோழிக் கறி, வடை, ஒரு போத்தல் கருப்பு பீர். பிறகு ஒரு சுருட்டைத் தானே பற்ற வைத்து, இருமிக்கொண்டே மண்ணில் செருகினார். நான் சிரித்துவிட்டேன்.

“அவரு சுருட்டு குடிப்பாருன்னு யாருக்கா பாத்தது?”

“யாரும் பாக்கல. ஆம்பளதானே, குடிச்சிருப்பாருன்னு எங்கப்பா சொன்னாரு. நீ சும்மா இருலா.”

பிறகு குழியோரமாகக் குந்தி உட்கார்ந்து, தினேஷுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது, கூரை ஒழுகுகிறது, தொழிற்சாலையில் புதிய மேலாளர் சரியில்லை என்று வரிசையாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலியோரம் நின்று பேசுவது போலத்தான் பேசினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் பேரப்பிள்ளை பார்த்தார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள். அக்கா வீராசாமியைத் தேட ஆரம்பித்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் ‘தெரிந்தது’ என்றும் நடுப்பக்கத்தில் ‘தெரியாதது’ என்றும் எழுதிக்கொண்டார். தெரிந்தது இரண்டு வரி. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை எடுக்க மூன்று அலுவலகங்கள் அலைந்தார். அதில் தகப்பனார் பெயர் வீராசாமி, தொழில் கூலி என்று இருந்தது. ஊர் இல்லை. ரவாங்கில் தோட்டத்துப் பழைய கிராணி ஒருவரின் மகள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனார். அந்த அம்மா நல்ல காப்பி கொடுத்தார். காகிதம் எதுவும் இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன கிழவர்களையெல்லாம் அடுக்குமாடி வீடுகளில் தேடிப் பிடித்தார். எனக்கு முடிந்தபோது நான் காடி ஓட்டினேன். “ஒங்களுக்கு வேற வேல இல்லியாக்கா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். “இல்ல. அதான் ஓய்வு குடுத்துட்டானே” என்பார்.

ஊர் கிடைத்தது எங்கே என்றால், தோட்டத்துக் கோயில் மணியில். எத்தனையோ தரம் அவரே அடித்த மணி. கும்பாபிஷேகத்துக்காக மணியைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தபோது உள்விளிம்பில் எழுத்து தெரிந்தது. உபயம் கொடுத்த ஐந்தாறு பேரின் பெயர்கள். அதில் ஒன்று ‘ஏந்தல்பாடி வீராசாமி’. அக்கா எனக்குப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினார். “ஜொஹரா, எனக்கும் ஒரு ஊரு இருக்குலா” என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கேண்டீனில் அன்று நான் கேட்ட கேள்வி அவ்வளவு காலம் எனக்கும் முள்ளாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு என் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் இந்தியா போனபோது அவரும் வந்தார். செய்யாற்றுப் பக்கம் அந்த ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு இடத்தில் விசாரித்து, வீராசாமியின் தம்பி வழியில் வந்த தேவராஜ் என்பவரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். முதலில் அவர் சந்தேகமாகத்தான் பார்த்தார். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு அக்கா தன் நோட்டைக் காட்டினார். தேவராஜின் அம்மா உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவரு எப்ப செத்தாரும்மா?” என்றார்.

அவர்களுக்கு அது தெரியாது. கப்பலேறிப் போனவர் என்பதைத் தவிர ஒரு தகவலும் வரவில்லை. சில காலம் காத்திருந்துவிட்டு, அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளையே இறந்த நாளாக வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அந்த நாளில் சோறு வைக்கிறார்கள். அக்கா நோட்டைத் திறந்து எதையோ எழுதப் போனார். எழுதாமல் மூடிவிட்டு, “நாங்க அங்க போட்டோம், நீங்க இங்க போட்டீங்க. மனுஷன் பட்டினி கெடக்கல” என்றார். அந்தக் கிழவி அக்காவின் கன்னத்தைத் தடவி, “அவரு குழி மண்ணு ஒரு புடி இருந்தா அனுப்பும்மா. நெலத்துல போட்டுக்கறோம்” என்று கேட்டார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நான்காவது மேட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டார். அடுத்த முறை போனபோது அதைக் கொண்டுபோனவள் நான்தான். விமான நிலையத்தில் பிடித்தால் என்ன சொல்வது என்று டின்னைச் சேலைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன். யாரும் பிடிக்கவில்லை. தேவராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அக்கா நிம்மதியாகச் செத்திருப்பார். நானும் இதை ஒரு பக்கத்தில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் பத்தாங்கட்டை கைமாறியது. வாங்கிய நிறுவனம் வீடு கட்டப் போவதாகவும், குழிகளுக்கு உரிமையுள்ளவர்கள் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தால் இந்து இடுகாட்டில் தனித்தனி இடம் தருவதாகவும் அறிவிப்பு ஒட்டினார்கள். உரிமை கோராத குழிகளில் உள்ளவை எல்லாம் ஒரே குழியில் போய்விடும். அக்கா முதல் ஆளாகப் பாரம் கொடுத்தார். “பேரு, ஊரு எல்லாத்தோடயும் குடுத்த ஒரே ஆளு நான்தான்” என்று பெருமையாகச் சொன்னார்.

தோண்டிய நாளன்று நானும் போயிருந்தேன். நிறுவனத்தின் சார்பில் ஒரு மலாய்க்கார இளம் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மதியத்துடன் பாரம் வாங்குவது முடிந்துவிடும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். பூசாரி தண்ணீர் தெளித்தார். நான்காவது மேட்டைத் தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழம் போனதும் தோண்டியவர் நிறுத்தி, எதையோ பொறுக்கித் துடைத்து மேலே நீட்டினார். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள். இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். இன்னும் வளையல்கள் வந்தன. இரண்டு கைக்கும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பொம்பள” என்றார். பிறகு சிரித்தார். “அடிப்பாவி, இத்தன வருஷமா ஒரு பொம்பளைக்கா நான் சுருட்டு பத்த வச்சேன்?” சிரிப்பு நிற்கவே இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

எப்படி நடந்தது என்பதை விளக்கியவர் ஆறுமுகம் ஐயா. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். எண்பது வயதுக்கு மேல். தன் தாய் தகப்பனுக்காக வந்திருந்தார். “பாதையிலேர்ந்து நாலாவதுன்னு ஒங்கப்பா சொன்னாரா?” என்று கேட்டார். அப்படித்தான். கொள்ளுப்பாட்டி தன் மகனுக்குக் காட்டி, அவர் வாய்வழியாக அக்காவின் அப்பாவுக்கு வந்த அடையாளம் அதுதான். “எந்தப் பாத?” என்றார் அவர். “இந்தச் செம்மண் ரோட்ட போட்டதே நாந்தான்மா. பால்மரத்த சாய்ச்சுட்டு செம்பனை வச்சப்ப போட்டது. பழைய பாத அந்தப் பக்கம், ஆத்தோரமா இருந்துச்சு. ஒங்கப்பா அப்ப வெளித்தோட்டத்துல வேல செஞ்சாரு. திரும்பி வந்து பாத்தா இருக்கறது ஒரே ரோடு. இதுலேர்ந்துதான் எண்ணியிருப்பாரு.”

அக்கா எழுந்து, ஆற்றுப் பக்கத்திலிருந்து விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்தப் பக்கத்திலிருந்து அது பத்தாவது. கல் இல்லை, பெயர் இல்லை. உரிமை கோராத குழிகளின் பட்டியலில் இருந்தது. பாதி நாள் தாமதித்திருந்தால் வீராசாமி பொதுக்குழிக்குப் போயிருப்பார்.

அதிகாரி நல்ல மனிதர். பிரச்சினை இல்லை அம்மா, உங்கள் பாரத்தில் குழி எண்ணை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றார். அப்படியென்றால் இவருக்கு என்ன வழி என்று அக்கா நான்காவது குழியைக் காட்டிக் கேட்டார். பெயர் தெரியாவிட்டால் மற்றவர்களோடு சேர்த்துத்தான் என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. “விடுங்கக்கா. நம்ம ஆளு கெடச்சிட்டாரு. இவங்க யாரோ எவரோ” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். “யாரோ எவரோவா? எங்கப்பா செத்தப்ப இவங்ககிட்டதான் வந்து அழுதேன். எம்புருசன் போனப்ப இவங்ககிட்டதான் வந்து கெடந்தேன். தினேஷ மூணாம் மாசம் இந்த மண்ணுலதான் போட்டு எடுத்தேன். இவ்வளவு காலமும் நான் பேசுனத ஒக்காந்து கேட்டது யாரு? வீராசாமியா? பத்தாவது குழியிலேர்ந்து அவருக்கு என்னா கேட்டிருக்கும்? இந்தம்மாதானே கேட்டாங்க?”

வெட்கமாக இருந்தது. காடியில் தண்ணீர் போத்தல் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று சொல்லி விலகிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் மேசையில் குனிந்து இரண்டாவது பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அதிகாரி அதை வாங்கி முத்திரை குத்தினார். “அந்தம்மாவுக்கும் எடம் கெடச்சிருச்சு. வீராசாமிக்குப் பக்கத்துலயே” என்றார் அக்கா. உறவு என்று எதையாவது எழுதியிருப்பார் என நினைத்துக்கொண்டேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்க அப்போது எனக்கு முகம் இல்லை.

பத்தாவது குழியில் கறுத்த மண்ணும் சில எலும்புத் துணுக்குகளும் இருந்தன. ஆணா பெண்ணா என்று சொல்ல ஒன்றுமில்லை. அக்கா நோட்டில், ‘ஆறுமுகம் ஐயா சொன்னபடி இது வீராசாமி. முழுதாகத் தெரியாது’ என்று எழுதினார். அவர் அப்படித்தான் எழுதுவார்.

அன்று மாலையே ஏந்தல்பாடிக்குப் போன் செய்தார். நாளைக்குச் செய்யலாமே என்றேன், கேட்கவில்லை. “நான் குடுத்துவிட்ட மண்ணு தப்பு தம்பி. அது வேற ஒரு அம்மாவோட மண்ணு” என்று நேராகச் சொன்னார். தேவராஜ் போனை வைத்துவிட்டார். இரண்டு மாதம் எடுக்கவே இல்லை. சரியான மண்ணை வேறொரு டின்னில் போட்டு என் மைத்துனர் கையில் அக்கா அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த பிறகு தேவராஜே கூப்பிட்டார். “இதயும் அங்கயேதான் போட்டோம்மா. மொதல்ல போட்டத இனிமே எப்படி பிரிக்கறது? ரெண்டு பேருக்கும் இலை போடச் சொல்லிருச்சு அம்மா” என்றார். அக்கா அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அதன் பின் வந்த இரண்டு ஆண்டும் அந்தப் பெண்ணைத்தான் தேடினார். வளையலோடு புதைத்திருக்கிறார்கள் என்றால் புருசன் இருக்கும்போதே போனவள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. பிரசவத்தில் போனவளாக இருக்கும் என்றார் ஒருவர். காய்ச்சல் என்றார் இன்னொருவர். ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் பெண்சாதி என்று ஒருவர் சத்தியமே செய்தார். அக்கா எதையும் ‘தெரிந்தது’ பக்கத்தில் எழுதவில்லை. முட்டி வீங்கியும் ரயில் ஏறினார். நானும் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு ஜெராமில் மகன் வீட்டில் முடங்கியிருந்தேன். இரண்டு நொண்டிகளும் போனில் திட்டிக்கொள்வோம். “யாருக்காக இந்த அலைச்சல்?” என்று கேட்டால், “அவங்கள யாராச்சும் தேடியிருப்பாங்கல்ல. அவங்களுக்குக் கெடைக்கலியே” என்பார். புதிய இடுகாட்டுக்கு என்னால் ஒருமுறைகூடப் போக முடியவில்லை. சுருட்டை நிறுத்திவிட்டு மஞ்சள், குங்குமம், பூ வைக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

தன்னை எரிக்கக் கூடாது, அவர்கள் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று தினேஷிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறார். அடக்கத்தன்று கூட்டத்தில் என்னால் நடக்க முடியாமல் வீட்டோடு நின்றுவிட்டேன். மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனபோது தினேஷ் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

முதலில் ‘வீராசாமி, ஏந்தல்பாடி’ என்ற கல். கடைசியில் பூமாலை குவிந்த புது மண். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கல். மழையில் நனைந்து ஓரமெல்லாம் பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதில் ‘காசியம்மா’ என்று வெட்டியிருந்தது.

எனக்குக் குப்பென்று கோபம் வந்தது. “என்னடா இது? உயிரோட இருக்கும்போதே கல்லு வெட்டி வச்சீங்களா? அதையும் எடம் மாத்தி நட்டிருக்கீங்க!” என்று அவனைப் பிடித்துக் கத்தினேன்.

“இல்ல ஆன்ட்டி. அது அந்தம்மாவோட கல்லு” என்றான் தினேஷ். “பேரு இல்லாம பாரம் எடுக்க மாட்டேன்னு ஆபீசர் சொன்னாரில்ல. அம்மா அவங்க பேரயே எழுதிக் குடுத்துட்டாங்க.”

நான் அந்தக் கல்லின் முன்னே நின்றேன். பெட்டிகளின் எண்ணிக்கையை உத்தேசமாக எழுதியதற்கு என்னை ஊரறியத் திட்டிய மனுஷி. முழுதாகத் தெரியாத எதையும் ‘தெரிந்தது’ பக்கத்தில் ஏற்றாதவர். அவர் தன் வாழ்நாளில் தெரிந்தே எழுதிய பொய் இது ஒன்றாகத்தான் இருக்கும். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கொடுப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே பெயரை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். அக்கா, இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

தினேஷ் பாலைத் தெளித்தான். சோறு எடுத்து மூன்று இலையில் வைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஆன்ட்டி, அம்மாவுக்குக் கல்லு சொல்லணும். அதுலயும் இதே பேருதானே போடணும். பின்னால வர்றவங்க எது யாருன்னு கொழம்பிடுவாங்களே?”

“கொழம்பட்டும்டா” என்றேன். “ரெண்டு பேருக்கும் சோறு போட்டுட்டுப் போவாங்க.”

வெயில் ஏறியது. அவன் பாத்திரங்களைக் கழுவக் குழாயடிக்குப் போனான். நான் கைத்தடியை ஊன்றி எழுந்து, “போயிட்டு வர்றேன்க்கா” என்று விடைபெற்றேன். எந்தக் காசியம்மாவைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும்.